இரண்டாம் எடை

கோபாலபுரத்தில் எடைமேடை.
கூப்பிடு தூரத்தில் கேரளா.
வரிச்சாவடியைப் பூட்டி வருஷக்கணக்காச்சு.
இப்போது அதன் தகரக் கூரையில்
காற்று மட்டும் நின்று
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.

நான் சித்ரகலா. நாற்பத்து நாலு.
காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
அடுத்தவர் பாரத்தைக் கணினியில் அடிக்கிறேன்.
தேங்காய், கோழித்தீவனம், செங்கல்,
மழைக்கு முன்னால் வைக்கோல்.

வண்டி மேடை ஏறும்.
"டிரைவர் இறங்கு" என்பேன் மைக்கில்.
முதல் எடை விழும்.
சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத்
திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும்.
அதுவரை அந்த நம்பர்
திரையில் சிவப்பாகக் கிடக்கும்.
சிலர் வருவதே இல்லை.

மகள் போனில் படிக்கிற தொடர்கதைகளில்
பத்து வருஷம் கழித்து அவன் ஊருக்கு வருகிறான்.
அன்றைக்குக் கட்டாயம் மழை.
அவள் ஒரு பேக்கரி வைத்திருப்பாள்,
கன்னத்தில் மைதா மாவு ஒட்டியிருக்கும்.
ஏன் பிரிந்தார்கள் என்று பார்த்தால்
யாரோ ஒளித்து வைத்த கடிதம்.
நாற்பதாவது அத்தியாயத்தில்
அலமாரிக்குப் பின்னாலிருந்து அது கிடைத்துவிடும்.
"அழுதுட்டேன்மா" என்பாள், முகம் கழுவப் போவாள்.

சிவதாசன் வந்த அன்றைக்கு மழை இல்லை.
கணவாய்க் காற்று, வைக்கோல் தூசி,
பாலக்காட்டு நம்பர் போட்ட மினி லாரி.
காதோரம் நரை. ஆனால்
வலப்பக்கம் சாய்ந்த அதே தலை.
வாய்ப் பழக்கத்தில்
"டிரைவர் இறங்கு" என்றுவிட்டேன்,
இரண்டு மாநிலத்துக்கும் கேட்கிற மாதிரி.
இறங்கினான்.
"சுகந்தன்னே?"
"வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்க,
பின்சக்கரம் வெளியில நிக்குது."
இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம்
நான் அவனோடு பேசியது அதுதான்.

எங்கள் கதையில் கடிதம் எதுவும் தொலையவில்லை.
சித்தூர் ஸ்டாண்டில், ஏழு மணி திருச்சூர் பஸ் என்றான்.
எனக்கு நன்றாகக் கேட்டது.
இரண்டு சேலை, மார்க் ஷீட், கொலுசு விற்ற காசு,
எல்லாம் பையில் இருந்தது.
ஏழு மணிக்குப் பால் குண்டாவைத் தேய்த்தேன்.
ஏழேகாலுக்கும் அதே குண்டா.
யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை.
பயம். அவ்வளவுதான்.
அலமாரிக்குப் பின்னால் தேடினாலும் அதுதான் இருக்கும்.

அவனுக்குப் பதினோரு கறவை மாடு,
ஷார்ஜாவிலேயே தங்கிவிட்ட மனைவி,
விவாகரத்துத் தாளை ஸ்பீட் போஸ்டில் அனுப்பியவள்.
எனக்கு நர்சிங் படிக்கும் மகள்,
திருப்பூரில் வேறு குடித்தனம் நடத்துகிற ஒரு ஆள்.
இதைச் சொல்லி முடிக்க
மூன்று லோடு ஆனது.

நாலாவது லோடில் கேட்டான்:
"அன்னைக்கு வீட்ல அடிச்சாங்களா?"
இத்தனை வருஷமும் எனக்காக அவனே
ஒரு நியாயம் செய்து வைத்திருக்கிறான்.
அதை வாங்கிக்கொண்டிருக்கலாம்.
"இல்ல. பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தேன்."

சீட்டை நாலாக மடித்தான். பிரித்தான். மடித்தான்.
"ஒம்பது வரைக்கும் நின்னேன்.
எட்டரைக்கு மேல எனக்கும் பயம்,
எங்க நீ வந்துருவியோன்னு."

சிரித்துவிட்டேன்.
மைக் அணைக்கவில்லை.
எல்லைக்கு அந்தப் பக்கம்
லாட்டரி விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அவன் வண்டி போயிற்று.
நம்பர் சிவப்பில் நின்றது.

ஆறு மணிக்குக் கணினியை அணைக்க வேண்டும்.
ஆறு ஐந்து.
முதலாளி கேட்டால் பிரிண்டர் மக்கர் என்று சொல்லலாம்.
ஆறு பதினைந்து. ஒருதரம் பையை எடுத்தேன்,
திரும்பக் கொக்கியில் மாட்டினேன்.

ஆறு இருபத்திரண்டுக்கு
வெறும் வண்டி மேடை ஏறியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் இறங்கவில்லை.
எழுபது கிலோ கூடுதலாக விழுந்தது எடை.

அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.